செவலையின் ஒரு சொட்டு ரத்தம்

நவம்பர் 2, காலை ஒன்பதே கால். கால்நடை மருந்தக வரிசையில் ஏழு மாடுகள் நின்றன. கடைசியாக நின்றவள் செவலை. இரண்டு நாளாகத் தீவனத்தைத் தொடாததால் அவளுக்குக் கால்கள் நடுங்கின.

"நூற்றாறு," என்று அறிவித்தது வெப்பமானி. சூட்டை அளந்துவிட்டால் நோயையே கண்டுபிடித்துவிட்டதாக அதற்கு நினைப்பு.

"பிழைப்பேனா அண்ணே? கன்று பிறந்து பத்து நாள்தான் ஆகிறது," என்றாள் செவலை.

"நூற்றாறு," என்று மறுபடியும் சொன்னது வெப்பமானி.

"அவள் ரத்தத்தில் ஒரு சொட்டு வரட்டும், பார்ப்போம்," என்றது மேசை மூலையில் இருந்த நுண்ணோக்கி.

வெப்பமானிக்குச் சிரிப்பு வந்தது. "ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் உறையைக் கழற்றுகிற ஆள் நீ. இத்தனை பெரிய மாட்டை ஒரு சொட்டிலா பார்ப்பாய்?"

டாக்டர் செவலையின் காதில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். அதன் குரல் உயர்ந்தது.

"அடேயப்பா, எத்தனை ஆயிரம் செல்கள்! இதோ, இந்தச் சிவப்பு செல்லுக்குள் பேரிக்காய் போல இரண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பக்கத்து செல்லிலும் இரண்டு. உண்ணி கடித்து ஏற்றிவிட்ட கிருமி."

வெப்பமானி உருண்டு உருண்டு மேசை விளிம்புக்கே வந்துவிட்டது.

"நான் அளந்த சூடு அங்கேயா மூண்டது? எனக்கும் கொஞ்சம் காட்டேன்."

"இரு, டாக்டர் பார்க்கிறார்."

டாக்டர் இரண்டு முறை பார்த்தார். பிறகு, வெறும் காய்ச்சலுக்கென்று கையில் எடுத்திருந்த ஊசி மருந்தை வைத்துவிட்டு, அந்தக் கிருமிக்கான வேறொன்றை எடுத்தார்.

நவம்பர் 19 காலை, கன்று குடித்தது போக, செவலை மூன்று லிட்டர் கறந்தாள்.