தண்டவாளம் முடிந்த இடம்

"என்னை இப்படி நடுவழியில் தள்ளிவிட்டால் எப்படி?" என்று கத்தியது உப்பு மூட்டை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

சரக்கு ரயில் பெட்டி அசையவில்லை. "என் தண்டவாளம் இங்கே முடிகிறது, தாயி. இனி உன்னைப் படகு பார்த்துக்கொள்ளும்."

கூப்பிடு தூரத்தில் ஆற்றில் படகு கட்டிக் கிடந்தது. "கரைக்கு வா, ஏற்றிக்கொள்கிறேன். மேட்டில் ஏறி வந்து உன்னைத் தூக்க எனக்கென்ன காலா இருக்கிறது?"

"ஒரு புரட்டுக்கு மேல் என்னால் ஆகாது. இந்த இடைவெளியில் என்னை யார் தூக்குவது?"

"அண்ணனைக் கேள்," என்றது படகு.

"தம்பியைக் கேள்," என்றது பெட்டி.

மூட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்போதும் வாசலிலிருந்து வாசல்வரை லாரியில் போய்க்கொண்டிருந்த அதை, ஊரே புகையில் மூச்சுத் திணறுகிறது என்று சொல்லி இறக்கிக் கூட்டி வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். மூட்டையும் அது நியாயம் என்று நம்பித்தான் வந்தது.

"மழை பிடித்தால் நான் கரைந்துவிடுவேன். வெறும் சாக்குதான் மிஞ்சும். காதில் விழுகிறதா?"

விழவில்லை.

"இன்றைக்கு எவ்வளவு புகையை மிச்சம் பிடித்தோம், பார்த்தாயா தம்பி?" என்றது பெட்டி.

"எல்லாம் நாம் கைகோத்ததால் வந்தது அண்ணே," என்றது படகு. "வேறு யாருக்கு இந்த மனசு வரும்?"

முதல் துளி சாக்கின் மேல் விழுந்து உள்ளே இறங்கியது. சாலையோரம் நின்றிருந்த லாரி, புகையைக் கக்கிக்கொண்டு பின்பக்கமாகவே வந்து மூட்டையருகே நின்றது. எதுவும் கேட்காமல் பின்கதவைத் தரைவரை சரித்து இறக்கியது.

அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூட்டை ஒரு கணம் ஆற்றைப் பார்த்தது. பிறகு ஒரே புரட்டில் லாரியில் ஏறிக்கொண்டது.