நாற்பதாம் ஆண்டு ஜாங்கிரி

“பழைய டிவிடியே நல்லாத்தானுங்க மாப்பிள்ளை ஓடுது. இது எதுக்குங்க தண்டத்துக்கு?”

மருமகன் வந்ததிலிருந்து சாமியாத்தாள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுரேந்தருக்குச் சுருக்கென்றது. புது டிவி, பிளேயர், டிஸ்க் எல்லாவற்றையும் கோயமுத்தூரிலிருந்து அன்னூருக்குக் காரில் தூக்கி வந்தவன் அவன். ‘சம்பந்தி சத்திரம்’ காமெடிப் படம் வந்து நாற்பது வருஷம் ஆன சந்தோஷத்தில், பழைய பிலிமின் கீறல், தூசியெல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்து ஃபோர் கே டிஸ்க் போட்டிருக்கிறார்கள். டிஸ்க் சேர்ப்பதும், வாங்கலாமா வேண்டாமா என்று யூடியூபில் தீர்ப்புச் சொல்வதும் அவனுடைய கிறுக்கு.

“அத்தை, பழசுல மூஞ்சியே தெரியாதுங்க. இதுல தலைமுடியவே எண்ணலாமுங்க.”

“முடிய எண்ணி என்னங்க பண்றது?”

கஞ்சத்தனம்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டு ஒயரைச் சொருகினான்.

விஷயம் என்னவென்றால், அந்தப் படத்தில் மாமனார் பாலுசாமி இருக்கிறார். வெள்ளகோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவருக்கு, மண்டபம் மாறி நுழைந்து, பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரியைக் கடித்த பிறகுதான் அது ஷூட்டிங் என்று தெரிந்ததாம். கடைசி வரிசை, ஜன்னலோரம், வெள்ளைச் சட்டை. பழைய டிவிடியில் அது ஆளா அரிசி மூட்டையா என்றே தெரியாது. ஆனாலும் அந்த ஒரு ஜாங்கிரியால்தான் அவருக்கு ஊருக்குள் ‘சினிமாக்காரர்’ என்று பேர்.

நம்பாத ஒரே ஆள் பங்காளி வெங்கடபதி. கல்யாணம், காதுகுத்து, எழவு வீடு எதையும் விடாமல் “அது நீயில்லப்பா” என்று சொல்லி வந்தவர். இன்றைக்கு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குத் தெரிஞ்சுபோகும் பாலு. நீதான்னா இனி நானும் சினிமாக்காரரேன்னு கூப்புடறேன். இல்லீன்னா அந்தப் பேரை இன்னையோட உட்டுப்போடோணும்.”

“செரிப்பா,” என்றார் பாலுசாமி. குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

படம் ஓடியது. சொந்தபந்தமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பந்திக் காட்சி வந்ததும் சுரேந்தர் ரிமோட்டை அமுக்கி அப்படியே நிறுத்தினான்.

ஜாங்கிரியில் ஒட்டியிருந்த பாகு தெரிந்தது. அதைக் கடித்த ஆளின் தலையும் தெரிந்தது. சுத்த வழுக்கை. இத்தனை வருஷமாக முடி என்று எல்லோரும் நினைத்தது, பின்னாலிருந்த ஜன்னலின் இருட்டு.

பாலுசாமிக்கோ இந்த வயசிலும் சீப்பு உடைகிற அளவுக்கு முடி.

வெங்கடபதி தொண்டையைச் செருமினார்.

அவர் வாய் திறப்பதற்குள் சாமியாத்தாள் எழுந்துவிட்டாள். “நான் அப்பவே சொன்னனுங்களே மாப்பிள்ளை. கீறலைத் தொடைக்கறோம்னு எங்க ஊட்டுக்காரரு முடியையும் சேத்துத் தொடைச்சுப்போட்டாங்க பாருங்க.”

“அதெப்படி முடி போகும்?” வெங்கடபதி சுரேந்தர் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளைங்க, இந்த வித்தையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா ஒத்துக்கறேனுங்க. போகுமுங்களா?”

சுரேந்தர் டிஸ்க் விஷயத்தில் பொய் பேசாதவன் என்று பேர் வாங்கியவன். அத்தையைப் பார்த்தான், கை கூப்பாத குறை. மாமாவைப் பார்த்தான், மனுஷன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

“போகுமுங்க,” என்றான். “தூசின்னு நெனச்சு கம்ப்யூட்டரே எடுத்துப்போடுமுங்க.”

“அப்பப் பக்கத்து எலைக்காரனுக்கு மட்டும் சுருட்டை முடி அப்படியே இருக்குது?”

“அது விக்குங்க. விக்கை ஒண்ணும் பண்ணாதுங்க.”

வெங்கடபதி டிவியைப் பார்த்தார், பாலுசாமியின் தலையைப் பார்த்தார். “என்ன கெரகம் புடிச்ச கம்ப்யூட்டரோ. செரி, காப்பியக் குடிங்க சினிமாக்காரரே,” என்றார்.

சுரேந்தர் டம்ளரை வைக்கச் சமையல்கட்டுக்குப் போனான். சாமியாத்தாள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“காப்பாத்திப்போட்டீங்க மாப்பிள்ளை. படத்துல இருக்கறது சென்னிமலை எங்க ஐயாசாமி மாமனுங்க. ஜாங்கிரி தின்ன கதைய அவரு எங்க ஊட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சது, எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்தியேங்க.”

“அப்புறம் ஏனுங்க அத்தை இத்தனை வருசமா...”

“பொண்ணு பாக்க வந்தப்ப உங்க மாமன் ‘அது நாந்தான்’னு அத்தனை ஆசையாச் சொன்னாருங்க. எப்படீங்க இல்லைங்கறது? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனசொடிஞ்சு போயிருவாரு. சொல்லிப்போடாதீங்க.”

கஞ்சத்தனம் என்று நினைத்ததற்கு சுரேந்தருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கிளம்பும்போது பாலுசாமி கார் வரைக்கும் வந்தார். திரும்பி வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

“மாப்ள, நான் எந்தப் பந்தியிலயும் உக்காரலீங்க. பொண்ணு பாக்கப் போறப்ப பஸ்ஸுல பின்னாடி சீட்டுல ஆரோ பேசிட்டு வந்த கதைங்க அது. பெருமையாச் சொல்லிக்க நம்மகிட்ட ஒண்ணுமில்லீன்னு அவுத்து உட்டுப்போட்டேன்.”

சுரேந்தர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தான்.

“அன்னையிலிருந்து உங்க அத்தை போற எடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போறா. எப்படீங்க இல்லைங்கறது? அவளுக்கு மட்டும் தெரிஞ்சுபோடக் கூடாதுங்க. மனசொடிஞ்சு போயிருவா.”

அந்த வாரம் யூடியூபில் சுரேந்தர் தீர்ப்புச் சொன்னான்:

“படம் கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்குதுங்க. அதுதான் இதுல பெரிய குறை. குடும்பத்தோட பாக்கறதுன்னா பழசே போதுமுங்க.”