பூட்டிய அறைக் கணினி

ரோசாவின் திருமணத் தகவல் மையத்தில் இருந்த விவரங்களைக் கிளவுடில் ஏற்றித்தர வந்திருந்தான் ரெக்ஸ்.

“போட்டோ, படிப்பு, வேலை எல்லாத்தையும் ஏத்திடுப்பா. தவக்காலம் முடிஞ்சா கல்யாண சீசன், நம்ம பழைய கம்ப்யூட்டர் கூட்டம் தாங்காது. ஆனா அந்தப் பூட்டின ரூம்ல இருக்கற கம்ப்யூட்டரை மட்டும் தொடாதே.”

ரெக்ஸுக்கு ஆவல் தாங்கவில்லை. “அதுல அப்படி என்னதான் மேடம் இருக்கு?”

“வரனை வேண்டாம்னு சொன்னவங்க, ஏன் வேண்டாம்னு சொன்னாங்கங்கற காரணம்.”

“அதையும் ஏத்திடலாமே! எங்க ஆபீஸ்ல பத்துப் பேரைத் தவிர யாரும் பாக்க முடியாது.”

ரோசா சிரித்தாள். “போன வருஷம் உங்கம்மா உன்னையும் இங்கதான் பதிஞ்சாங்க. நாலு பொண்ணுங்க வேண்டாம்னுட்டாங்க.”

ரெக்ஸ் அந்தக் கதவையே பார்த்தான்.

“பூட்டு நல்ல பூட்டுதானே, மேடம்?”