ஒரு மொட்டின் பாரம்

சௌகத் அலியின் கடையில் இருதயநாதன் இருப்புக்கொள்ளாமல் காலாட்டிக்கொண்டே நிற்கிறார். பெண் பார்த்தபோதுகூட இத்தனை யோசிக்காத மனிதர், ரிக்கார்டு பிளேயருக்கு ஊசியைத் தாங்கும் கை ஒன்று தேர்ந்தெடுக்க இந்தப் பாடு படுகிறார். முரட்டுக் கை அமைந்துவிட்டால், மனைவி லிடியா சிறுமியாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பாடிய ஒரே இசைத்தட்டு கீறி நாசமாகிவிடும். “முடிவு பண்ணுங்க சார், லுகர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிருவாக” என்கிறார் சௌகத் அலி. எடை சமன் செய்து நிறுத்திய இரண்டு ஊசிக் கைகள் மேசையில், மதிய வெயிலில் மின்னுகின்றன. பக்கத்தில் நிற்கும் லிடியா தன் தலையிலிருந்து ஒரு மல்லிகை மொட்டைக் கிள்ளி, பளபளப்பான கையின் நுனியில் வைக்கிறாள், கை அசையவில்லை. மங்கலான மலிவுக் கையில் வைக்கிறாள். அந்தக் கை மெல்லத் தலைசாய்கிறது. “மொட்டுப் பாரத்துக்கே சாயுது, தட்டக் கீறாது. இதுதாங்க” என்கிறாள். அந்தக் கையைப் பொருத்தியதும், கொண்டுவந்த இசைத்தட்டு சுழல்கிறது. இருதயநாதன் ஊசியைத் தட்டுக்கு மேலே கொண்டுபோவதும் பின்னால் இழுப்பதுமாக இருக்கிறார். “தள்ளுங்க, உழுதுறப் போறீக” என்று அவளே ஊசியை இறக்குகிறாள். பிள்ளைகளின் பாட்டில் ஒரு குரல் மட்டும் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடுகிறது. “அது நானில்ல, கூடப் படிச்ச டெய்சி” என்கிறாள் லிடியா, அந்தக் குரலின் அதே அவசரத்தோடு. இருதயநாதனின் கால் ஆட்டத்தை நிறுத்துகிறது.