பெரியவர்கள் எந்த வீட்டுக்கு?

"கார் எங்க போகுதுன்னு மட்டும் பாரு. கண்ணை எடுத்துடாத!" குவானிஷ் போனுக்குள் கத்தினான்.

மறுமுனையில் டாக்ஸிக்காரன் செய்த்கான். கராதாஸ் சுரங்க நகரில், கம்பெனி வாசலுக்கு எதிரே வண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மூணு பெரியவங்களும் இன்னும் உள்ளதான் இருக்காங்க அண்ணே. வெளிய வந்தா சொல்றேன். பெட்ரோல் காசு தனி, மறந்துடாதீங்க."

அல்மாட்டி நகரில், ஒன்பதாவது மாடிச் சமையலறையில், குவானிஷின் லேப்டாப் திரை முழுக்கச் சிவப்பு. விடிவதற்கு முன் கராதாஸ் செம்புச் சுரங்கத்தில் மண் சரிந்திருந்தது. சாவு உண்டா, இல்லையா? கம்பெனி வாயைத் திறக்கவில்லை. பங்கு விலை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஊரே விக்குது. நீங்க மட்டும் வாங்கப் போறீங்களாக்கும்!" மனைவி மக்பால் தேநீரை டொக்கென்று வைத்தாள். "போன தடவை விட்டதுலதான் இந்த வீடு அடமானத்துல இருக்கு. இதுவும் போச்சுன்னா தெருவுலதாங்க நிக்கணும்."

"எல்லாரும் பயப்படறப்பதான்டி சரக்கு மலிவு. யாராவது செத்திருந்தா சுரங்கத்தை மூடுவான், நான் தொடவே மாட்டேன். ஒருத்தனும் சாகலைன்னா நாளைக்கே விலை எகிறும். வீட்டை மீட்டுடலாம். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான்."

தெரிந்துகொள்ள அவனிடம் ஒரு வழி இருந்தது. அந்தப் பக்கத்தில் சாவுச் சேதியை யாரும் போனில் சொல்வதில்லை. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் நேரில் போய், உரியவனை உட்கார வைத்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஊர் அழக்கூடாது.

ஆக, அவர்கள் நுழையும் வீட்டில் இழவு. கோட்டுப் போட்ட தரகர்கள் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை.

"நூர்தாவுக்குப் பேசினீங்களா?" என்றாள் மக்பால்.

நூர்தாவுலெத் குவானிஷின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபிறகு இவர்கள்தான் வளர்த்தார்கள். கராதாஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு, வாரக் கடைசியானால் பஸ் பிடித்து அண்ணி கைச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்.

"போன் அணைஞ்சு கிடக்கு. விபத்துன்னா கம்பெனிக்காரன் ஆபீஸ்ல எல்லார் போனையும் பிடுங்கி வெச்சிடுவான். சுரங்கத்துல புதுசா வெட்டின பாதையில நிஜமா செம்பு இருக்கான்னு கேட்டுச் சொல்லுடான்னு மூணு நாளா நச்சரிக்கிறேன். சோம்பேறி, பதிலே காணோம்."

"முதல்ல அவனுக்கு ஒரு பொண்ணைப் பாருங்க. அப்பவாவது போனை எடுக்கக் கத்துக்குவான்."

போன் அலறியது.

"அண்ணே, வந்துட்டாங்க! மூணு பேரும் கார்ல ஏறிட்டாங்க!"

"பின்னாடியே போடா!"

குவானிஷ் போனை ஸ்பீக்கரில் போட்டான். மக்பால் அடுப்பை அணைத்துவிட்டு அருகில் வந்து நின்றாள்.

"தொழிலாளர் குடியிருப்பைத் தாண்டியாச்சு... நிக்கல. ஆஸ்பத்திரி... அங்கயும் நிக்கல. அண்ணே, ஊரை விட்டே வெளிய போறாங்க! ஹைவே ஏறிட்டாங்க. நானும் போகட்டுமா?"

"வேணாம், திரும்பிடு." குவானிஷ் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "ஊர்ல இழவை வெச்சுக்கிட்டுக் கிழவனுங்க வெளியூர் போவானுங்களா? எங்கயோ கல்யாண விருந்து. குதிரைக்கறி இழுக்குது!"

அடுத்த நொடி தரகன் ரினாத்துக்குப் போன் போட்டான்.

"இருக்கிற பணம் மொத்தத்துக்கும் கராதாஸ் வாங்கு."

"கிறுக்குப் பிடிச்சிடுச்சா? எல்லாரும் ஓடிக்கிட்டிருக்கான்!"

"ஓடறவன் போட்டுட்டுப் போறதைப் பொறுக்கறதுதான் என் தொழில். வாங்குய்யா."

பிற்பகலில் கம்பெனி வாயைத் திறந்தது. மீட்புப் பணி நல்லபடி நடக்கிறது, வதந்தியை நம்பாதீர்கள் என்று இரண்டே வரி. போதாதா? விலை திரும்பியது. திரை பச்சையானது. சந்தை மூட இன்னும் நேரமிருந்தது.

மக்பால் முகத்தில் பல மாதம் கழித்துச் சிரிப்பு. "விக்கலையா?"

"எதுக்கு? நாளைக்கு இன்னும் ஏறும்."

அழைப்பு மணி அடித்தது. "பெட்ரோல் காசுக்குச் செய்த்கான் இங்கயே வந்துட்டான் பாரு!" என்று சிரித்தபடி கதவைத் திறந்தான்.

மூன்று பெரியவர்கள். கோட்டெல்லாம் ரோட்டுப் புழுதி.

மக்பாலுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தாள். குவானிஷை மூத்தவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். கையிலே வளர்த்த பருந்து ஒருநாள் திரும்பாமல் போவதைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார். பிறகு நேராகவே சொன்னார்.

"மத்தவங்க எல்லாரும் மேல வந்துட்டாங்க தம்பி. நூர்தாவுலெத் மட்டும்தான்... புதுப் பாதையை அண்ணன் பாக்கச் சொன்னாருன்னு, ராத்திரி ஷிப்டோட இறங்கியிருக்கான்."

இன்னொரு பெரியவர் தொடர்ந்தார்.

"சுரங்கத்தை மூடப் போறாங்க. கூடப்பிறந்தவனுக்குச் சொல்லாம ஊருக்குச் சொல்லக்கூடாதுன்னு நாங்கதான் கம்பெனியைத் தடுத்து வெச்சிட்டு வந்தோம். ராத்திரிதான் அறிவிப்பாங்க. அதுவரைக்கும் உங்களைத் தவிர வெளிய யாருக்கும் தெரியாது."

குவானிஷ் எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பின்னாலேயே எழுந்த மக்பாலைப் பெரியவர் கையமர்த்தினார். "விடும்மா. தனியா அழட்டும்."

உள்ளேயிருந்து அவன் குரல், அடைத்துப்போய், ஆனால் தெளிவாகக் கேட்டது.

"ரினாத்... எல்லாத்தையும் வித்துடு."