பெரிய புறாவைத் தின்றது யார்?

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாள். இந்தி வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு அறைக்குள்ளேயே ஃபிஜிப் பூர்வகுடிச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியோடு நின்றிருந்தார்.

வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதித் தரும் சுமன் முந்தின நாளே ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டான். அவன் விட்டுப்போன உறையைப் பிரித்து அப்படியே மைக்கில் வாசித்தான் அறிவிப்பாளன் ஷைலேஷ்.

“நம்ம தீவுல இருந்த பறக்கத் தெரியாத பெரிய புறா எப்படி அழிஞ்சுது? சரியா சொன்னா முழுசா ஒரு பொரிச்ச கோழி.”

கீழே இருந்த விடையை அப்புறம்தான் பார்த்தான். ‘முதலில் குடியேறியவர்கள் தின்றே தீர்த்தார்கள்.’ அவர்களுடைய பேரன்தான் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்கிறார்.

நேயர்களிடமிருந்து போன் ஒன்றும் வரவில்லை. சிப்பாய்தான் நெருங்கி வந்தார்.

“பதில் என்ன?”

“எலிங்க சார். எலிதான் தின்னுடுச்சு.”

“பொய் சொல்லாத. எங்க முப்பாட்டனுங்கதான் தின்னாங்க.”

சிப்பாய் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு வருஷமா முகாம்லேருந்து இதுக்குப் போன் போடுறேன், ஒரு நாளும் லைன் கிடைக்கல. இங்க டூட்டி கேட்டு வாங்கினதே அதுக்குத்தான். கோழி எங்க?”