மூன்று எண்ணிய சுவிட்ச்

ஒரு கணினிக்குள் டிஸ்க், குறிப்பேடு, சுவிட்ச் என்று மூவர் இருந்தார்கள். வரும் தகவலை டிஸ்க் எழுதும். எழுதியாயிற்று என்று குறிப்பேடு குறித்துக்கொள்ளும். திடீரென்று மின்சாரத்தை நிறுத்தி, குறித்ததெல்லாம் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்ப்பது சுவிட்சின் வேலை. மறுநாள் அந்தக் கணினி ஒரு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நூறு முறை நிறுத்தியதில் மூன்று முறை ஏதோ ஒரு தகவல் காணாமல் போயிருந்தது.

“நீதான் அவசரப்படுகிறாய். நான் குறித்த பிறகு மூன்று எண்ணிவிட்டு நிறுத்து,” என்றது குறிப்பேடு.

சுவிட்ச் அப்படியே செய்தது. நூறு முறையும் எதுவும் தொலையவில்லை. ஆனாலும் அதற்கு மனசு ஆறவில்லை.

“நான் எண்ணும்போது நீ என்ன செய்கிறாய்?” என்று டிஸ்க்கைக் கேட்டது.

“எழுதி முடிக்கிறேன்.”

“அதற்கு முன்பே குறிப்பேடு குறித்துவிட்டதே?”

“இவன் எப்படியும் நொடியில் முடித்துவிடுவான். அதனால் முன்கூட்டியே குறித்துவிடுவேன்,” என்றது குறிப்பேடு.

“நாளைக்கு மின்சாரம் போகும்போது மூன்று எண்ணிவிட்டுத்தான் போகுமா?”



சுவிட்ச் டிஸ்க்கிடம், “இந்த முறை வேண்டுமென்றே தாமதமாக எழுது,” என்றது. குறிப்பேடு குறித்த மறுகணமே மின்சாரத்தை நிறுத்தியது. பத்து முறை நிறுத்தியது. பத்து முறையும் தகவல் தொலைந்தது. சோதனைக்காகக் கொடுத்த தகவல்களில் கடைசியாகத் தொலைந்தது, ஒரு நோயாளிக்குக் கொடுக்கக் கூடாத மருந்தின் பெயர். அதற்கு நேராகக் குறிப்பேட்டில், ‘எழுதியாயிற்று’ என்று இருந்தது.



அதற்குப் பிறகு சுவிட்ச் எண்ணவில்லை. டிஸ்க் எழுதி முடிக்கும்வரை குறிப்பேடு காத்திருந்து குறித்தது.